ஒத்து வரும் வரை

அந்த வரி மறுபடியும் மேலே ஏறி மறைந்துவிட்டது. இனி அது சுற்றிக்கொண்டு கீழேயிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். கவுன்சலிங் மண்டபத்தின் முன்சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் கல்லூரிகளின் பெயர்களும் பாடப்பிரிவுகளும் மீதமிருக்கும் இடங்களும் கீழிருந்து மேலாக நகர்ந்துகொண்டே இருந்தன. சினிமா முடிந்ததும் பெயர்கள் ஓடுமே, அதைப் போல. ஆனால் இங்கே யாரும் எழுந்து போகவில்லை, எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு அதைத்தான் பார்த்தார்கள். கோகிலவாணிக்கு அதில் வேண்டியது ஒரே ஒரு வரி. அரசு பாலிடெக்னிக், வேதித் தொழில்நுட்பம், நேரடி இரண்டாம் ஆண்டு. காலையில் வந்து உட்கார்ந்தபோது அந்த வரியின் கடைசியில் ஆறு என்று இருந்தது. பிறகு ஐந்து. அம்மா டீ குடித்துவிட்டு வந்தபோது மூன்று. நான்கைப் பார்த்த ஞாபகமே இல்லை. நான்கு எப்போது வந்து எப்போது போனது, அந்த நேரத்தில் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவள் யோசித்தாள். முன்வரிசைப் பெண்ணின் பின்னலில் கட்டியிருந்த ரிப்பனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். எப்போதும் இப்படித்தான். பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு ரிப்பனைப் பார்ப்பது. ஒவ்வொரு இடம் நிரம்பும்போதும் ஒலிபெருக்கியிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது. அது எந்தக் கல்லூரிக்கான டிங், எந்தப் பிரிவுக்கான டிங் என்று தெரியாது, திரை சுற்றி வந்தால்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு டிங்குக்கும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, வரி கண்ணில் பட்டதும் சாய்ந்து, அடுத்த டிங்குக்கு மறுபடி நிமிர்ந்தாள். இல்ல சார், எனக்குக் கெமிக்கல்தான் வேணும். இல்ல சார், எனக்குக் கெமிக்கல்தான் வேணும். உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தாள். 'இல்ல' என்பதை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 'இல்ல' சரியாக வந்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும். அவளுக்கு வராதது அந்த முதல் வார்த்தைதான். இருபத்திரண்டு வருஷமாக வரவில்லை.

பக்கத்தில் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அம்மா பேசாமல் இருந்தால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். மேட்டூரிலிருந்து பஸ் ஏறியதிலிருந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள், டிக்கெட் கொடுத்த கண்டக்டர், மண்டப வாசலில் பை சோதித்த போலீஸ்காரப் பெண் என்று யாரையும் விடவில்லை. இப்போது ஆத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் அகப்பட்டிருந்தாள். "உங்க பொண்ணு பிளஸ் டூ எங்கீங்க படிச்சா?" என்று அந்த அம்மாள் கேட்டதும் கோகிலவாணிக்குக் காது சூடானது. சொல்லிவிடாதே அம்மா, சொல்லிவிடாதே. "பிளஸ் டூவா? அட நீங்க வேற, இவ டிகிரியே முடிச்சுட்டா. பிசிக்ஸு. ஃபர்ஸ்ட் கிளாஸு." ஆத்தூர் அம்மாள் கோகிலவாணியை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். டிகிரி முடிச்ச பொண்ணு டிப்ளமோவுக்கு எதுக்கு வந்து உக்காந்திருக்குது என்று அவள் கேட்கவில்லை, "ஓ" என்று மட்டும் சொன்னாள். அந்த 'ஓ' முழுக் கேள்வியையும்விட நீளமாக இருந்தது. அம்மாவுக்கு அது கேட்கவில்லை. "இதுல சேந்தா ரெண்டே வருசமாங்க, நேரா ரெண்டாவது வருசத்துல உக்கார வெச்சுருவாங்களாம், பிளஸ் டூ மார்க்குக்கு. அவங்கப்பா வேல பாக்கற ஃபேக்டரில லேபுக்கு டிப்ளமோதான் கேக்கறாங்களாம். அதான்." எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையை இவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டுமா? மண்டபம் முழுக்கப் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். பையன்கள் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஒரு பெண் இவளிடம் வந்து, "மிஸ், டாய்லெட் எங்க மிஸ்?" என்று கேட்டாள். புடவை கட்டிக்கொண்டு வந்தது தப்பு. சுடிதார் போட்டிருக்கலாம். 'நான் மிஸ் இல்ல, நானும் உன்ன மாதிரிதான்' என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வாய் வராமல் இவள் தலையை ஆட்டிவிட்டு, நிஜமாகவே அங்கே வேலை பார்ப்பவளைப் போல, வராந்தாவின் கோடியைக் கைகாட்டினாள். அங்கே டாய்லெட் இருக்கிறதா என்றுகூட இவளுக்குத் தெரியாது. அந்தப் பெண் "தேங்க்ஸ் மிஸ்" என்று ஓடியது. இப்போது அது நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கிறது, இவளையே பார்க்கிறது. மிஸ் ஏன் நம்மோடு உட்கார்ந்திருக்கிறார் என்று யோசிக்கிறது. அல்லது யோசிக்கவில்லை. பதினேழு வயதில் யார் அதையெல்லாம் யோசிக்கிறார்கள். டிங்.

தலையை ஆட்டுவது. எல்லாம் அதில்தான் தொடங்கியது. நான்கு வருஷத்துக்கு முன்னால் கல்லூரியில் இடம் கேட்கப் போனபோதும் இப்படித்தான் நாற்காலி, இப்படித்தான் மின்விசிறிச் சத்தம், மேசைக்குப் பின்னால் ஒரு சார். வீட்டிலிருந்து கிளம்பும்போது கெமிஸ்ட்ரி, பஸ்ஸில் வரும்போது கெமிஸ்ட்ரி, வரிசையில் நிற்கும்போதும் கெமிஸ்ட்ரி. மேசைக்கு முன்னால் போய் நின்றதும் சார் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "கெமிஸ்ட்ரி ஃபுல்லாகற மாதிரி இருக்கும்மா. பிசிக்ஸ் போட்டுடறேன், சரியா?" சரியா என்றுதான் கேட்டார். கேள்விதான் அது. ஒரு பெரிய மனிதர் வேலை மும்முரத்தில் கேட்ட, பதில் சொல்லக் கூடிய ஒரு கேள்வி. 'இல்ல சார், எனக்குக் கெமிஸ்ட்ரிதான்' என்று சொல்லியிருந்தால் அவர் ஒன்றும் அடித்திருக்க மாட்டார். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். முத்திரை விழுந்தது. 'ஆகற மாதிரி' என்றால் ஆகவில்லை என்று அர்த்தம் என்பது வெளியே வந்து வேப்பமரத்தடியில் அம்மா கொடுத்த தண்ணீரைக் குடிக்கும்போதுதான் உறைத்தது. இவளுக்குப் பின்னால் நின்ற பெண் கெமிஸ்ட்ரி வாங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் வாங்கினாள். அம்மா, "என்ன பாப்பா, கெடச்சுதா?" என்று கேட்டதற்கும் இவள் தலையைத்தான் ஆட்டினாள். மூன்று வருஷம் சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நகரும் நுண்ணோக்கிக்குள் பார்த்தாள். கெட்ட பாடம் என்று சொல்ல முடியாது. நியூட்டன் வளையங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அடுத்த கட்டடத்தின் ஜன்னலிலிருந்து கெமிஸ்ட்ரி லேபின் வாசனை வரும்போதெல்லாம், அந்த மூக்கைக் குத்தும் வாசனை, மற்றவர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள், இவள் மட்டும் மூச்சை உள்ளே இழுப்பாள். சொந்த வீட்டுச் சமையல் வாசனையை அடுத்த வீட்டு வாசலில் நின்று முகர்ந்து பார்ப்பதைப் போல.

அப்பா அங்கமுத்து அந்த ஃபேக்டரியின் கேட்டில் செக்யூரிட்டி. உள்ளே போகிற ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரியும், அவரை யாருக்கும் தெரியாது. லேபில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் ஸ்கூட்டியில் வருவார்களாம், வெள்ளைக் கோட்டை மடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவருவார்களாம். "அந்தப் புள்ளைங்க வந்தா நானே கேட்டத் தொறந்து உடுவேன், இறங்கச் சொல்ல மாட்டேன்" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். சொல்லிவிட்டு ரசச் சோற்றைப் பிசைந்தார். அவருக்கும் இவளைப் போலவே வாய் வராது. போன வருஷம் அங்கே ஆள் எடுத்தபோது அப்பாவே இவளைக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்தவர் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்து, "பிசிக்ஸா? அட, கெமிஸ்ட்ரியா இருந்திருந்தா பாத்திருக்கலாமே. இல்லேன்னா கெமிக்கல் டிப்ளமோ இருக்கணும். அங்கமுத்து பொண்ணா? அடுத்த தடவ பாப்பம்" என்றார். அப்பா வணக்கம் வைத்தார். கேட் வரை நடந்துவந்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, "பரவால்ல சாமி, நீ பஸ்ஸுக்குப் போ" என்றார். அவருக்கு அந்தக் காரணம் தெரியாது. கெமிஸ்ட்ரி கிடைக்கவில்லை என்றுதான் நான்கு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். கிடைத்திருக்கும் அப்பா, நான் தலையை ஆட்டிவிட்டேன் என்று இவள் இன்றுவரை சொல்லவில்லை. அப்பாவின் காண்டிராக்ட் இன்னும் இரண்டு வருஷத்துக்குத்தான். அதற்குப் பிறகு யாரையும் எதையும் படிக்க வைக்க வீட்டில் ஆளில்லை. ஆகவே இன்று இந்த மண்டபத்தில் வாங்குவதுதான் கடைசி. இதுவும் தப்பாகப் போனால், போனால் என்று நினைக்கும்போதே வரி கீழேயிருந்து எட்டிப்பார்த்தது. மூன்று. இன்னும் மூன்று. கூப்பிடும் எண் இவளுடையதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இல்ல சார், எனக்குக் கெமிக்கல்தான் வேணும்.

வரிக்குக் கொஞ்சம் மேலே இன்னொரு வரி இருந்தது. அதை அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், கண் போய்விட்டது. மஞ்சள் பஸ் காலேஜ். பெயர் வேறு ஏதோ, வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள், அதன் மஞ்சள் பஸ் தெருமுனைவரை வரும் என்பதால். அங்கே இன்ஸ்ட்ருமென்டேஷன் என்கிற கருவியியல் பிரிவில் இடம் ஏராளமாக இருந்தது, காலையிலிருந்து ஒன்று மட்டும்தான் குறைந்திருந்தது. அம்மாவுக்கு அதுதான் பிடித்திருந்தது. "காலைல ஏறுனா சாயங்காலம் வீட்ல எறங்கலாம், ஆஸ்டல் கீஸ்டல்னு கண் காணாத எடத்துல போயி என்னத்துக்கு? நீ நாலு பேருகிட்ட சோறு கேட்டு வாங்கித் திம்பியா? பட்டினி கெடந்தாலும் வாயத் தொறக்க மாட்ட." அதுவும் உண்மைதான். ஆனால் அங்கே ஒரு வருஷம் கட்டும் பணத்தில் அரசு பாலிடெக்னிக்கில் விடுதியோடு சேர்த்துப் படிப்பே முடிந்துவிடும். பெண்களுக்குக் கட்டணச் சலுகை என்று மஞ்சள் பஸ்காரர்கள் கொடுத்த வழவழப்பான தாளில் போட்டிருந்தது. முதல் வருஷத்துக்கு மட்டும் என்று அடியில் எறும்பு மாதிரி எழுத்தில் இருந்தது. அதை வாங்கிவந்த மாமாவும் படிக்கவில்லை, அம்மாவும் படிக்கவில்லை, இவள் படித்தாள், படித்துவிட்டு வழக்கம்போல உள்ளேயே வைத்துக்கொண்டாள். போன மாதம் மாமா அங்கே கூட்டிப்போனபோது ஒருவர் ஏசி அறையில் ஆரஞ்சு ஜூஸ் கொடுத்துவிட்டு லேபைக் காட்டினார். எல்லாம் புதுசு. தராசின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே வைத்திருந்தார்கள். காற்றடித்தால் எடை ஆடும், யாரும் தராசை அங்கே வைக்க மாட்டார்கள். அது சமமாக நிற்கிறதா என்று காட்டும் மட்டக் குமிழி வட்டத்துக்கு வெளியே ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்கி வைத்த நாளிலிருந்து ஒருவரும் அதில் ஒரு சிட்டிகை உப்பைக்கூட நிறுக்கவில்லை. மாமா, "பாத்தியா, பளபளன்னு எப்பிடி வெச்சிருக்கறாங்க!" என்றார். ஜூஸ் கொடுத்தவர் சிரித்தார். இவள் தலையை ஆட்டினாள். அரசு பாலிடெக்னிக்குக்கு அப்பாவோடு போனபோது லேப் உதவியாளர்கூட இல்லை, பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். மரமேசை முழுக்க அமிலம் பட்ட கறுப்புத் தழும்புகள். ஸ்டாண்டுகளில் ஒன்று வளைந்திருந்தது. அதில் மாட்டியிருந்த பியூரெட் கண்ணாடிக் குழாயின் முனை உடைந்திருந்தது. பழசு. ஆனால் அத்தனை தழும்பும் யாரோ ஏதோ செய்து பார்த்ததால் வந்தது என்று அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. உடைந்த பியூரெட்தான் ஞாபகம் வருகிறது. உடைந்ததை ஏன் மாற்றவில்லை? மாற்றப் பணம் இல்லையா, மாற்றச் சொல்ல ஆள் இல்லையா? அங்கே போய் எதைக் கற்றுக்கொள்வாள்? டிங். திரை. மூன்று இல்லை. இரண்டு.

இரண்டு. இவளுக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர்? எண்ண ஆரம்பித்து, எண்ணுவதை நிறுத்தினாள். பதினோராம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் ரோசலின் மிஸ் கெமிஸ்ட்ரி எடுத்தார். பிராக்டிகல் நாளில் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே, "கையக் கழுவுனியா? கழுவாம பியூரெட்டத் தொடாத" என்பார். கழுவினாலும் இரண்டு நாளைக்கு விரல் நுனியில் பர்மாங்கனேட்டின் பழுப்புக் கறை இருக்கும், அதை மறைக்க மாட்டாள் இவள், சோறு பிசையும்போதுகூடப் பார்த்துக்கொள்வாள். பியூரெட்டில் அடர்ந்த ஊதா, கிட்டத்தட்டக் கறுப்பு. திருகைக் கொஞ்சம் திறந்தால் ஒரு துளி குடுவைக்குள் விழும். விழுந்ததும் காணாமல் போகும். இன்னொரு துளி, காணாமல் போகும். குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொன்று, இன்னொன்று, எல்லாம் காணாமல் போகும், இது நடக்கவே நடக்காது என்று தோன்றும் நேரத்தில் ஒரு துளி காணாமல் போகாது. குடுவை முழுக்க வெளிர் ரோஜா நிறம் பரவி நிற்கும். அந்த ஒரு துளிக்கு முன்னாலும் இல்லை, அதற்குப் பின்னாலும் இல்லை. ஒரு துளி கூடிப்போனால் நிறம் அடர்ந்துவிடும், கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. மற்றப் பெண்கள் பயந்து பயந்து திருகுவார்கள். வகுப்பில் எழுந்து நின்று பெயர் சொல்லவே நடுங்கும் இவளுக்கு அந்தத் திருகின் முன்னால் மட்டும் கை நடுங்கியதே இல்லை. முதல் நாள் முதல் தடவை மூன்று துளி கூடுதலாக விட்டுவிட்டு இவள் அழப்போனாள். ரோசலின் மிஸ் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எதுக்குடி மூஞ்சியத் தூக்கற? முத தடவ விடறது எங்க நிறம் மாறுதுன்னு சும்மா பாக்கறதுக்கு. அது கணக்குலயே வராது. அடுத்த ரெண்டு தடவயும் அளவு ஒத்து வரணும். ஒத்து வந்தா எழுது. வராட்டி வர்ற வரைக்கும் விடு" என்றார். வர்ற வரைக்கும் விடு. இந்த இரண்டு மாதமாக அவள் செய்துகொண்டிருந்தது அதுதான். காலையில் எழுந்ததும் அரசு பாலிடெக்னிக் என்று மனசு சொல்லும். பல் தேய்த்து முடிப்பதற்குள் விடுதி, தெரியாத முகங்கள், மஞ்சள் பஸ்ஸே போதும் என்று சொல்லும். மத்தியானம் கட்டணம் ஞாபகம் வந்து மாறும், சாயங்காலம் உடைந்த பியூரெட் ஞாபகம் வந்து மறுபடி மாறும். இரண்டு தடவை ஒரே பதில் வந்ததே இல்லை. நேற்று இரவு அப்பா டியூட்டிக்குக் கிளம்பும்போது, "உனக்கு எது சரின்னு படுதோ அது" என்றார். சரின்னு படுவதுதான் தெரியவில்லை அப்பா. தெரிந்தாலும் வாயில் வராது.

ஒலிபெருக்கியில் எண் சொன்னார்கள். இவளுடைய எண்ணா? "பாப்பா, நம்முளுது! ஏந்திரி ஏந்திரி" என்று அம்மா முழங்கையைப் பிடித்து இழுத்தாள். ஆத்தூர் அம்மாள், "போயிட்டு வாங்க, நல்லதே நடக்கும்" என்றாள். திரையில் அந்த வரி எங்கே? வரவில்லை, இப்போதுதான் வேறு ஏதோ கல்லூரிகள் போய்க்கொண்டிருந்தன, வரும்வரை நிற்க முடியாது, பின்னாலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். "மிஸ், ஆல் தி பெஸ்ட் மிஸ்" என்று நான்கு வரிசைக்கு அப்பாலிருந்து அந்தப் பெண் சொன்னது. கேலியா, நிஜமா? வாசலில் அம்மாவிடம், "ஞாபகம் இருக்குதாம்மா? உள்ள நீ ஒண்ணும் பேசக் கூடாது" என்றாள். பஸ்ஸிலேயே வாங்கிய சத்தியம் அது. மஞ்சள் பஸ் என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் தலை தானாக ஆடிவிடும் என்று இவளுக்குத் தெரியும். "வாயில கொழுக்கட்டையே வெச்சுக்கறேன் போதுமா" என்று அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். விளையாட்டுக்குத்தான் பொத்தினாள். ஆனால் அதற்கு மேல் இருந்த கண்கள் விளையாடவில்லை. விடுதி வேண்டாம் பாப்பா என்று அவை சொல்லிக்கொண்டே இருந்தன, வாய் மட்டும்தான் வாக்குக் கொடுத்திருந்தது.

உள்ளே குளிர்ந்தது. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு அதிகாரி, விசைப்பலகையில் ஒரு ஆள். இவளுக்குக் கிடைத்த மேசையில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த ஒரு சார், பக்கத்தில் மவுஸைப் பிடித்தபடி தலை நிறைய கனகாம்பரம் வைத்த இளம்பெண். பக்கத்து மேசையில் ஒரு பையனும் அவன் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள், "கெமிக்கலா, எலக்ட்ரானிக்ஸா பாருங்க" என்று அந்த அப்பா சொல்வது காதில் விழுந்தது. இரண்டு இருந்தது. வரும் வழியில் டிங் கேட்டதே, ஒன்றாகியிருக்குமா? அந்தப் பையன் எடுத்துக்கொண்டால்? இல்ல சார், எனக்குக் கெமிக்கல்தான் வேணும். இல்ல சார். இல்ல சார். சார் மதிப்பெண் தாளைப் பார்த்தார். "மேட்டூரா?" தலையை ஆட்டினாள். "கெமிஸ்ட்ரில நல்ல மார்க்கு வாங்கியிருக்கியேம்மா." கண்ணாடியை இறக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தார். இப்போது சொல்லப்போகிறார், ஃபுல்லாகற மாதிரி இருக்கு என்று, மெக்கானிக்கல் போட்டுடறேன் சரியா என்று. இப்போதுதான், இப்போது விட்டால் அவ்வளவுதான், 'இல்ல' என்று ஆரம்பித்துவிட வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் போய்க் காத்திருந்தது. "கெமிக்கல் டெக்னாலஜி கவர்ன்மென்ட்ல ஒண்ணே ஒண்ணு இருக்குது. உனக்கு நல்லா வரும். போட்டுடட்டுமா?"

"இல்ல சார்."

கனகாம்பரப் பெண்ணின் கை நகர்ந்தது. திரையில் அம்புக்குறி அந்த வரியை விட்டுக் கீழே இறங்கியது. "வேணாமா? சரி, அப்ப அடுத்ததப் பாக்கலாம்" என்று சார் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். கோகிலவாணிக்குத் தான் என்ன சொன்னோம் என்று புரியவே ஒரு கணம் ஆனது. அவர் கேட்டது அதுதான். அவள் கேட்க நினைத்ததும் அதுதான். இரண்டு மாதமாக, நான்கு வருஷமாக எதிரில் நிற்பவர் தப்பாகத்தான் சொல்வார் என்றே நினைத்துத் தயார் செய்த வார்த்தை, அவர் சரியாகச் சொன்ன அன்றைக்குப் போய் வாயிலிருந்து விழுந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறாள், அதுவும் இதற்குப் போய். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா முந்தானையை வாய்க்குள்ளேயே திணித்துக்கொண்டிருந்தாள். கண்கள் பெரிதாகத் திறந்திருந்தன. அம்மாவுக்கு இது நல்ல செய்தி, இப்போது ஒரு வார்த்தை, மஞ்சள் பஸ் காலேஜைப் பாருங்க சார் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் இந்த இரண்டு வருஷமும் மகள் கண்ணெதிரில் இருப்பாள். அம்மா சொல்லவில்லை. சொல்லாமல் தலையை மட்டும் அந்தச் சாரின் பக்கம் வேகமாக அசைத்தாள், பேசு என்று, பேசித் தொலை என்று. பக்கத்து மேசையில் அந்தப் பையனின் அப்பா, "அந்த ஒண்ணு இருக்குதுங்களே, அதப் பாக்கலாமா தம்பி?" என்று கேட்டார். பையன் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தான். சொல்லிவிட்டதை எப்படி மாற்றுவது? பைத்தியம் என்று நினைப்பார். நினைக்கட்டும் என்று விட முடியுமா? சொன்னதே சொன்னதாக இருந்துவிட்டுப் போகட்டும், வெளியே போய் வேப்பமரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். மேசையின் விளிம்பில் வைத்திருந்த தன் விரல்களைப் பார்த்தாள். கறை எதுவும் இல்லை, சுத்தமாக இருந்தன. அவை நடுங்கவில்லை என்பதை ஏனோ அப்போதுதான் கவனித்தாள்.

"சார்," என்றாள். சத்தம் வரவில்லை. "சார். தப்பாச் சொல்லிட்டேன். எனக்குக் கெமிக்கல்தான் வேணும்."

சார் திரும்பினார். கனகாம்பரப் பெண்ணும் திரும்பினாள். "ஏம்மா," என்றார் சார், "காலைலருந்து இந்த நாற்காலில உக்காந்திருக்கறேன். வேணாம்னுட்டு அதையே வேணும்ங்கற மொத ஆளு நீதான். இங்க பாரு, ஒரு தடவ இந்தப் பொண்ணு அமுக்கிட்டான்னா அப்புறம் பிரம்மாவே வந்தாலும் மாத்த முடியாது. அதனால கடைசியாக் கேக்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லு. என்ன வேணும்?"

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே அது தொண்டைக்கு வந்துவிட்டிருந்தது. முன்பு சொன்ன அதே வார்த்தைகள், ஒரு எழுத்து கூடாமல், ஒரு எழுத்து குறையாமல். "எனக்குக் கெமிக்கல்தான் வேணும்."

அம்புக்குறி மேலே ஏறியது. அந்தப் பெண் சுட்டுவிரலை ஒருமுறை தட்டினாள், பெரிய சத்தம்கூட இல்லை. கதவுக்கு வெளியே, மண்டபத்தில், டிங் என்று கேட்டது. அங்கே யாரோ ஒருத்தி கழுத்தை நீட்டிக்கொண்டு அந்த வரி சுற்றி வரக் காத்திருப்பாள். வரும்போது அதன் கடைசியில் பூஜ்யம் இருக்கும். பக்கத்து மேசைப் பையனின் அப்பா, "அட, போச்சுங்களே" என்றார். அச்சு இயந்திரம் முனகி, சூடான தாளைத் துப்பியது. சார் அதில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். கோகிலவாணி வாங்கிக்கொண்டு எழுந்தாள். விடுதி, தெரியாத முகங்கள், உடைந்த பியூரெட் எல்லாம் அப்படியேதான் இருந்தன, ஒன்றும் குறையவில்லை. அப்பாவிடம் வேப்பமரத்தடி விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். வராந்தாவுக்கு வந்ததும் முந்தானையை வாயிலிருந்து எடுக்காமலே அம்மா அவள் தோளைத் தட்டினாள். முந்தானை ஈரமாயிருந்தது. அதற்குள்ளிருந்து, "இப்பப் பேசலாமா பாப்பா?" என்று கேட்டாள்.

அவள் தலை வழக்கம்போல ஆடப்போனது. பாதியில் நிறுத்தினாள்.

"பேசும்மா" என்றாள்.